சிறைக்கு வெளியே தண்டனை: பெங்களூருக்கு வேண்டிய ஓர் உள்ளூர்த் திட்டம்

பரப்பன அக்ரஹாரா என்ற பெயரைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா அங்கே அடைக்கப்பட்டபோதும், 2017 பிப்ரவரியில் சசிகலா சரணடைந்தபோதும் பெங்களூரு மத்தியச் சிறையின் வாசலைத் தமிழ்த் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. தனக்கு விதிக்கப்பட்டிருந்த 10 கோடி ரூபாய் அபராதத்தை 2020 நவம்பரில் கட்டிய சசிகலா, தண்டனைக் காலம் முடிந்து 2021 ஜனவரியில் விடுதலையானார். சட்டம் கேட்டதைக் கட்டினார், சட்டம் விடுவித்தது. அதே சட்டம் ஒரு கூலித் தொழிலாளியிடம் சில ஆயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்கிறது. அவருக்கு ஆள் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறார். அவர் பெயர் எந்தத் தொலைக்காட்சியிலும் வருவதில்லை.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்டவர்களைப் பற்றியது. சிறு குற்றங்களுக்குச் சிறையைத் தவிர வேறு வழிகள் நம் சட்டத்தில் 1958 முதல் இருக்கின்றன. 2024இல் இன்னொன்றும் சேர்ந்தது. ஆனால், அந்த வழிகளை ஒரு நகரத்தில் நடத்துவதற்கான ஆள், அலுவலகம், இடம், பணம் ஆகியவற்றை ஒருங்கே திட்டமிட்டு வைப்பது யார் பொறுப்பு என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சிறை என்றால் கட்டடம் இருக்கிறது, காவலர் இருக்கிறார், அழைத்துப்போக வேன் இருக்கிறது. மாற்றுத் தண்டனை என்றால் நீதிபதியின் கையில் இருப்பது சட்டப்பிரிவு மட்டும்தான். இந்தக் குறையைச் சட்டம் திருத்தித் தீர்க்க முடியாது. ஊர் அளவில் திட்டம் போட்டால் தீர்க்கலாம்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். நாட்டின் மொத்தச் சிறைக் கொள்ளளவு 4,36,266. தண்டனைக் கைதிகள் அத்தனை பேரையும் வெளியே விட்டுவிட்டாலும், விசாரணைக் கைதிகளால் மட்டுமே சிறைகள் ஏறக்குறைய நிரம்பிவிடும் என்பது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆகவே சிறைக்கு மாற்று என்பதைத் தீர்ப்புக்குப் பிந்தைய தண்டனையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கைதான நாளிலிருந்தே அந்த யோசனை தொடங்க வேண்டும்.

பெங்களூருச் சிறைக்குள் இருப்பவர்களின் நிலைமை பற்றி நம்பகமான ஓர் ஆய்வு இருக்கிறது. மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் பரப்பன அக்ரஹாராவில் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்களில் 79.6 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கலோ போதைப் பயன்பாடு சார்ந்த சிக்கலோ இருந்தது. போதையைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகும் 27.6 சதவீதத்தினருக்கு மருத்துவரீதியாகக் கண்டறியத்தக்க மனநோய் இருந்தது. சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டிய பலர் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

ஒசூர் வழியாக பெங்களூருக்குள் நுழையும் தமிழ்நாட்டுப் பயணிக்கு இந்த நகரத்தின் நீதி அமைப்பு ஒரே சாலையில் காணக் கிடைக்கும். முதலில் ஒசூர் சாலையிலிருந்து பிரியும் வழியில் மத்தியச் சிறை, பிறகு மடிவாளாவில் சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்களுக்கான அரசுக் கூர்நோக்கு இல்லம், அதையடுத்து நிம்ஹான்ஸ். சிறை, சிறார் இல்லம், மனநல மருத்துவமனை மூன்றும் இவ்வளவு அருகில் இருந்தும், கைதான ஒருவரை இவற்றில் எங்கே அனுப்புவது தகும் என்று சீர்தூக்கிச் சொல்லும் இடைநிலை அமைப்பு ஒன்று வயதுவந்தோருக்கு இல்லை.

சிறாருக்கு இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பிடிபட்ட சிறுவனின் வீடு, படிப்பு, நட்பு, சூழல் எல்லாவற்றையும் விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை ஒன்று வாரியத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் கண்காணிப்பு என்று படிப்படியான வழிகளையும் அந்தச் சட்டம் தருகிறது. பதினெட்டு வயது நிறைந்த மறுநாள் அதே பையன் அதே தவறைச் செய்தால், நீதிமன்றத்துக்கு அவனைப் பற்றித் தெரிவது காவல்துறை எழுதியது மட்டும்தான்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்

யாத்கிரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பெங்களூருக்கு வந்து, கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். சிறு திருட்டு வழக்கு. மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்துவிட்டார். சொந்தப் பிணைப் பத்திரம், கூடவே ஒரு ஜாமீன்தாரர். அந்த ஜாமீன்தாரர் ஆதார் அட்டையோடு வர வேண்டும். சொத்துக்கு ஆதாரமாக பஹணி எனப்படும் நில ஆவணமோ வீட்டு வரி ரசீதோ காட்ட வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் காத்திருக்க வேண்டும். ஊரில் அண்ணனுக்கு அரை ஏக்கர் இருக்கலாம். அண்ணன் பெங்களூரு வந்துபோக வேண்டும், வெளியூர்ப் பத்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். இதற்குள் வாய்தா வந்துவிடும். மேஸ்திரி வேறு ஆளை வேலைக்கு வைத்துவிடுவார், கொட்டகையில் வேறு குடும்பம் குடியேறிவிடும். வழக்கில் அவர் விடுதலையே ஆனாலும் திரும்பிப் போக இடம் இருக்காது.

இந்தச் சிக்கல் உச்ச நீதிமன்றத்துக்கு 1978இலேயே தெரியும். மோதி ராம் வழக்கில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த நடைமுறையைக் கடுமையாகச் சாடி, 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் அவரை விடுவிக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி இன்னொரு படி மேலே போனார். ஒருவர் ஓடிவிடுவாரா என்பதை அறியப் பணம்தான் அளவுகோலா? அவர் அந்தப் பகுதியில் எவ்வளவு காலமாக வசிக்கிறார், என்ன வேலை செய்கிறார், குடும்பம் எங்கே, அவரை அறிந்த பொறுப்பான மனிதர்கள் யார் என்று கேட்டு, வேர் இருப்பவரைச் சொந்தப் பத்திரத்தில் விடலாம் என்றார். நியூயார்க்கில் 1961இல் வேரா நிறுவனம் நடத்திய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தின் அணுகுமுறை அது. அங்கே கைதானவரிடம் இதே கேள்விகளைக் கேட்டு, பதில்களைச் சரிபார்த்து, நீதிபதிக்குப் பரிந்துரை எழுத ஆட்கள் இருந்தார்கள். நம்மிடம் கேள்விகளின் பட்டியல் வந்தது. கேட்கும் ஆட்கள் வரவில்லை.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவருடைய சமூக, பொருளாதார நிலை பற்றி நன்னடத்தை அலுவலரோ சட்டத் தன்னார்வலரோ அறிக்கை தயாரித்து நீதிமன்றத்தில் வைக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதைத் தவிர்க்கலாம். அதே ஆண்டில் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்காக ஒரு திட்டத்தையும் கொண்டுவந்தது: ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது. மூன்றாண்டுத் தண்டனைக்குரிய திருட்டென்றால் ஓராண்டு. ஆனால் ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. போதைக்கு அடிமையாகி அடுத்தடுத்துச் சில்லறைத் திருட்டில் மாட்டுபவர்கள் இந்த விதிவிலக்கால் அந்தச் சலுகைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் நடப்பதில்லை

தீர்ப்புக்குப் பிந்தைய வழிகளில் மூத்தது நன்னடத்தைச் சட்டம். இந்திய அளவில் அது 1958இல் வந்தது. சென்னை மாகாணமோ 1936லேயே தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டம் இயற்றிவிட்டது. மத்தியச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி சிறு குற்றவாளியைக் கண்டித்து அனுப்பலாம். 4ஆவது பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தகாத குற்றங்களில் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். 5ஆவது பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித்தரச் சொல்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதானால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்று 6ஆவது பிரிவு நீதிபதியைக் கட்டுப்படுத்துகிறது. 12ஆவது பிரிவு, இப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு ஒட்டாமல் காக்கிறது.

இத்தனையும் நன்னடத்தை அலுவலர் என்ற ஒரு மனிதரை நம்பி நிற்கின்றன. வீடு தேடிப் போய் விசாரிப்பவரும், பிறகு மாதாமாதம் பார்த்துப் பேசுபவரும், வேலை தேடித் தருபவரும் அவர்தான். அந்த அறிக்கை கைக்கு வராத நீதிபதி முன்பின் தெரியாத ஒருவரை வெளியே விடத் தயங்குவதில் வியப்பில்லை. அண்டை மாநிலமான கேரளம் கிருஷ்ணய்யரின் பிறந்த நாளான நவம்பர் 15ஐ நன்னடத்தை தினமாகக் கடைப்பிடிப்பதோடு, சமூக நீதித் துறை மூலம் ‘நேர்வழி’ என்ற திட்டத்தையும் நடத்துகிறது. கர்நாடகம் அங்கிருந்து கற்றுக்கொள்ளத் தொலைவு போக வேண்டியதில்லை.

புதிதாக வந்தது சமூக சேவை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 4ஆவது பிரிவு அதை ஒரு தண்டனையாக முதன்முறை அங்கீகரிக்கிறது. ஆறு குற்றங்களுக்கு மட்டும் அது பொருந்தும்: அரசு ஊழியர் சட்டவிரோதமாக வணிகம் செய்தல், பிரகடனத்துக்குப் பிறகும் ஆஜராகாமை, அதிகாரியை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயலுதல், முதல்முறையாக 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடித் திருப்பித் தருதல், பொது இடத்தில் குடித்துவிட்டு ஒழுங்கீனம், அவதூறு. இவற்றில் சாதாரண மக்களைத் தொடுவது திருட்டும் குடியும். பெங்களூரில் அடிக்கடி திருடுபோவது கைப்பேசி; இன்றைக்கு 5,000 ரூபாய்க்குக் கீழ் எத்தனை கைப்பேசிகள் இருக்கின்றன? வரம்பு அங்கேயே சுருங்கிவிடுகிறது. எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், யார் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சமுதாயத்துக்குப் பயன்படும், ஊதியமில்லாத வேலை என்ற விளக்கம் மட்டும் உண்டு.

விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2024 மே மாதம் புணேயில் பார்த்தோம். சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்த வழக்கில், காரை ஓட்டிய சிறுவனுக்குச் சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது. விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பாதிக்கப்பட்டவரின் இழப்புக்கும் விதித்த நிபந்தனைக்கும் எந்தப் பொருத்தமும் இல்லாதபோது, சிறைக்கு மாற்று என்ற கருத்தே பணக்காரனுக்குத் தப்பும் வழி என்று மக்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த அவப்பெயரின் சுமையைப் பின்னால் சுமப்பவர் ஏழைதான்.

திட்டமிட்ட ஊர்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1973இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாவட்டங்கள் தாங்களே ஆலோசனைக் குழு அமைத்து, தம் பகுதிக் குற்றவாளிகளை உள்ளூரிலேயே கண்காணித்துத் திருத்துவதற்கான முழுத்திட்டம் எழுதிக் கொடுத்தால், மாநில அரசு நிதி தரும். குழுவில் நீதிபதி, காவல்துறை, அரசு வழக்கறிஞர், சமூக நலத் துறை, குடிமக்கள் எல்லாரும் இருப்பார்கள். எந்தத் தண்டனை சிறந்தது என்ற வாதத்தை விட, இந்த ஊரில் யார், எதற்காக, எத்தனை பேர் என்ற கணக்கிலிருந்து தொடங்கியதுதான் அந்தச் சட்டத்தின் பலம்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையை அங்கே அறிமுகப்படுத்தியது. அதை நிறைவேற்ற ஒரு தனித் திணைக்களமும் இருக்கிறது. இந்தியாவிலோ தண்டனையின் பெயரைச் சட்டத்தில் எழுதிவிட்டோம், அதற்குரிய துறையை இன்னும் உருவாக்கவில்லை.

பெங்களூருக்கு ஒரு வரைவு

முதல் தேவை கணக்கெடுப்பு. பரப்பன அக்ரஹாராவில் இருப்பவர்களில் மூன்றாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய வழக்குகளில் இருப்போர் எத்தனை பேர், ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர் எத்தனை பேர், சிகிச்சை தேவைப்படுவோர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க இ-பிரிசன்ஸ் கணினிப் பதிவும் சட்டப்பணிகள் ஆணையத்தின் கோப்புகளும் உதவும். இந்த எண்கள் இல்லாமல் போடும் எந்தத் திட்டமும் ஊகம்.

இரண்டாவது, நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு சமூக அறிக்கை மேசை. கைதானவரின் முகவரி, வேலை, குடும்பம், உடல்நிலை ஆகியவற்றை இரண்டு நாளில் சரிபார்த்து ஒரு பக்க அறிக்கை தர வேண்டும். ஹுசைனாரா தீர்ப்பு தந்த கேள்விகளே போதும். நன்னடத்தை அலுவலரின் பொறுப்பில், பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்களையும் சமூகப்பணி முதுகலை மாணவர்களையும் இதில் ஈடுபடுத்தலாம். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘பிரயாஸ்’ மும்பையில் 1990 முதல் சிறையிலும் நீதிமன்றத்திலும் சமூகப் பணியாளர்களை வைத்துச் செயல்படுவது, இந்தியச் சூழலில் இது சாத்தியம் என்பதற்குச் சான்று. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று கைதானவரின் மொழியில் பேசக்கூடியவர்கள் அந்த மேசையில் இருப்பது பெங்களூருக்குக் கட்டாயத் தேவை.

மூன்றாவது, சிகிச்சை வழி. போதைப்பொருள் சட்டத்தின் 39ஆவது பிரிவு, சிறு அளவு வழக்குகளில் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 64அ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்தே விலக்கு தருகிறது. நாட்டின் முதன்மையான போதை மீட்பு மையங்களில் ஒன்று நிம்ஹான்ஸில் இருக்கும்போது, இந்தப் பிரிவுகள் ஏட்டோடு கிடப்பதை ஏற்க முடியாது. மாஜிஸ்திரேட் உத்தரவு போட்ட அன்றே பெயர் பதிந்துகொள்ள ஓர் இணைப்பு அலுவலர் அங்கே வேண்டும்.

நான்காவது, வேலை செய்யும் இடங்களின் பட்டியல். 2025 செப்டம்பரில் பெருநகர மாநகராட்சி கலைக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நூலகம், அரசு மருத்துவமனை, பள்ளி, பூங்கா, நாற்றுப்பண்ணை என்று இடங்களைத் தேர்ந்து, மேற்பார்வையாளரை நியமித்து, வருகைப் பதிவேடு வைக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரின் கூலி கெடாதபடி வார இறுதி நேரங்கள் ஒதுக்கப்பட வேண்டும். தச்சரைப் பள்ளி பெஞ்சு பழுதுபார்க்கச் சொன்னால் அவர் திறமைக்கும் மதிப்பு, பள்ளிக்கும் பயன்.

ஐந்தாவது, பொறுப்பேற்கும் குழு. மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு ஏற்கெனவே இயங்குகிறது. மாநகராட்சிகள், நிம்ஹான்ஸ், தொழிலாளர் துறை, பெண்கள் அமைப்புகள், சிறையிலிருந்து மீண்டவர் ஒருவர் ஆகியோரையும் சேர்த்தால் அதுவே உள்ளூர்த் திட்டக் குழுவாகும்.

விழிப்போடு இருக்க வேண்டியவை

இந்தத் திட்டம் தவறிப்போகக்கூடிய இடங்களும் உண்டு. முதலாவது சாதி. சமூக சேவை என்றதும் தெருப் பெருக்குதல், கழிப்பறை கழுவுதல் என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. பெங்களூரின் துப்புரவுத் தொழிலாளர்களான பௌரகார்மிகர்கள் அன்றாடம் செய்யும் தொழிலைக் குற்றவாளிக்கு விதிக்கும் தண்டனையாக அறிவித்தால், அந்தத் தொழிலாளர்களை நகரமே அவமதித்ததாகும். சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதை 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. சிறைக்குள் ஒழிக்கச் சொன்னதைச் சிறைக்கு வெளியே உயிர்ப்பிக்கக் கூடாது.

இரண்டாவது, மாற்று என்ற பெயரில் இன்னொரு சிறை உருவாகிவிடுவது. 1975ஆம் ஆண்டின் கர்நாடகப் பிச்சையெடுத்தல் தடைச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாகடி சாலை ஆதரவற்றோர் நிவாரண மையத்தில், 2010 ஆகஸ்டில் சில நாட்களுக்குள் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். நிவாரணம் என்று எழுதிய கதவும் உள்ளிருப்பவர் திறக்க முடியாததாக இருந்தால் அது சிறைக் கதவுதான். இந்த மையங்களுக்காகச் சொத்து வரியோடு 3 சதவீதத் தீர்வை வசூலிக்கப்படுகிறது. அடைத்து வைப்பதற்கு நகரம் தனியாக வரி கட்டுகிறதென்றால், அடைக்காமல் திருத்துவதற்குப் பணமில்லை என்ற வாதம் எடுபடாது.

மூன்றாவது, வலை அகன்றுவிடுவது. இதுவரை கண்டித்து விடுவிக்கப்பட்டவர்களுக்கும் இனி சமூக சேவை விதித்து, அதை முடிக்கத் தவறினால் சிறை என்று போனால் கைதிகள் குறைய மாட்டார்கள், பெருகுவார்கள். கைப்பேசி வழியாக ஒருவரை ஓயாமல் பின்தொடர்வது போன்ற கண்காணிப்பும் கூடாது. ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தை அப்படிக் கண்காணிப்பது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2024 ஜூலையில் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நான்காவது, பாதிக்கப்பட்டவர். வீட்டில் மனைவியை அடிப்பவனைச் சமூகத்துக்கே திருப்பி அனுப்புவது அந்தப் பெண்ணுக்குத் தண்டனையாகிவிடும். குடும்ப வன்முறையும் பாலியல் குற்றங்களும் இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். திருட்டு கொடுத்த தள்ளுவண்டிக்காரருக்கு, திருடியவன் ஆறு மாதம் சிறையில் இருந்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்லும் இழப்பீட்டைத் தவணையாக வசூலித்து அவர் கையில் சேர்த்தால், நீதி கிடைத்ததாக முதலில் நம்புபவர் அவராகத்தான் இருப்பார்.

இதையெல்லாம் ஒரே நாளில் நகரம் முழுக்கச் செய்ய வேண்டியதில்லை. ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்ற வளாகம், ஒரு மாநகராட்சி, முழுநேர நன்னடத்தை அலுவலர்கள் சிலர், இரண்டாண்டுக் காலம் என்று தொடங்கலாம். எத்தனை பேர் வாய்தாவுக்குத் தவறாமல் வந்தார்கள், எத்தனை பேர் மறுபடி கைதானார்கள், எத்தனை பேருக்கு வேலை நிலைத்தது, பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு தொகை போய்ச் சேர்ந்தது என்பதை ஆண்டுதோறும் பொதுவில் வைக்க வேண்டும். சரிவராத பகுதியை மாற்ற வேண்டும். கர்நாடக அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தலைப்பு தொடங்கட்டும்; மாநில சட்டப்பணிகள் ஆணையம் முதல் கணக்கெடுப்பை நடத்தட்டும். நீதிபதிகளிடம் கருணையை எதிர்பார்த்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. சிறைக்குப் பதிலாக இன்ன இடத்தில், இன்னாருடைய பொறுப்பில், இந்த நேரத்தில் என்று எழுதி அவர்கள் கையில் கொடுக்க வேண்டிய கடமை இனி நகரத்துடையது.